விளக்கில்லாத மோடம்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி மேலே விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுவேன். தந்திக்காரரின் சைக்கிள் எங்கள் தெருவுக்குள் திரும்பினால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆனால் இயந்திரங்களிடம் மட்டும் எனக்குப் பயம் கிடையாது. மனிதர்களிடம் கேட்கத் தயங்குவதை ஒரு இயந்திரத்திடம் கூசாமல் கேட்டுவிடுவேன்; கழற்றிப் போட்டு உள்ளே என்ன என்று பார்த்துவிடுவேன். தொண்ணூற்றொன்பதில் காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்ததும் அந்தத் திமிரில்தான்.

அப்போது வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றில் நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வெப் பக்கங்கள் செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்னொன்று என் கணவருடையது. சிவகங்கையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுத்தார். இண்டர்நெட் தொலைபேசிக் கம்பி வழியாக வந்த காலம். வீட்டுக்கு ஒரே தொலைபேசி, அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற மோடமும் ஒன்றே; அது லைனைப் பிடித்திருக்கும்வரை வெளியிலிருந்து போன் வராது. அதை யாருடைய கம்ப்யூட்டரில் செருகுவது என்று தினமும் எங்களுக்குள் மல்லுக்கட்டு நடக்கும்.

இதற்கு ஒரு வழியைக் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றில் படித்தேன். யாரும் சீந்தாத ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ள வேண்டியது. அதிலிருப்பதை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, ஒரே ஒரு ஃப்ளாப்பிக்குள் அடங்குகிற லினக்ஸை ஏற்ற வேண்டியது. அவ்வளவுதான், அது ரூட்டர் ஆகிவிடும். இரண்டு கம்ப்யூட்டரில் எது இண்டர்நெட் கேட்டாலும் அதுவே நம்பரைப் போட்டு இணைப்பு வாங்கித் தரும். பத்து நிமிஷம் யாரும் எதுவும் கேட்காவிட்டால் அதுவே லைனை விட்டுவிடும். வீட்டுக்கென்று ரூட்டர் விற்கும் கடை எதுவும் எங்கள் ஊரில் இல்லை. நாமே பொறுக்கி, நாமே மூளையை மாற்றி வைத்தால்தான் உண்டு.

பொறுக்குவதுதான் பெரிய வேலை. பழைய வீட்டுச் சாமான்கள் விற்கிற கடை ஒன்றில், இடித்த வீட்டுத் தூண்களுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே நான்கு கம்ப்யூட்டர்கள் கிடந்தன. ஏதோ ஆலையின் ஏலத்தில் வந்தவை என்றார் கடைக்காரர். வெளியூர்க்காரர்கள் தூணைத் தட்டிப் பார்த்து பர்மாத் தேக்குதானா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தேன். கையில் ஒரு திருப்புளி, ஒரு ஃப்ளாப்பி.

எனக்கு வேகமான பெட்டி தேவையில்லை. தொலைபேசிக் கம்பி ஆமை வேகத்தில் போகும்போது பெட்டி மட்டும் பறந்து என்ன ஆகப்போகிறது? 486 என்கிற வேகமான ரகம் இரண்டு இருந்தன, வேண்டாம் என்று ஒதுக்கினேன். அவை சூடாகும், விசிறி கேட்கும், கரண்ட் போனால் யூபிஎஸ்ஸைச் சீக்கிரம் காலி பண்ணும். அதற்கு முந்தின 386 போதும். ஆனால் மெமரி எட்டு எம்பியாவது இருக்க வேண்டும், ஏனென்றால் ஃப்ளாப்பியில் இருப்பதை ஒரு முறை படித்துவிட்டு அப்புறம் எல்லாம் மெமரியிலேயே ஓடும். ஃப்ளாப்பி டிரைவ் இருமாமல் படிக்க வேண்டும். நெட்வொர்க் கார்டு உலகம் முழுக்க ஓடுகிற சாதாரண ரகமாக இருக்க வேண்டும். புது ரகம் என்றால் ஃப்ளாப்பி அதை அடையாளம் தெரியாமல் விழிக்கும். கடைசியில் ஒரு பழுப்பேறிய 386 தேறியது. அதைத் திறந்தபோது செத்த கரப்பான் ஒன்றும் மோடம் கார்டு ஒன்றும் உள்ளே இருந்தன.

அந்த மோடம்தான் எங்கள் வீட்டில் தகராறானது. எங்களிடம் ஏற்கெனவே வெளியே வைக்கிற மோடம் ஒன்று இருந்தது. நெற்றியில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். இணைப்பு வாங்கும்போது கீச்சென்று கத்தி, கரகரவென்று இழுத்து, ஒரு பாடு அழுதுவிட்டுத்தான் ஓயும். ரூட்டருக்கு அதையே வைக்கலாம் என்றார் என் கணவர். விளக்கைப் பார்த்தால்தான் அது லைனைப் பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்று தெரியும் என்பது அவர் கட்சி. எனக்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கிற மோடம் பிடித்துவிட்டது. விண்டோஸை நம்பிப் பிழைக்கிற ரகம் அல்ல, சொந்த மூளை உள்ளது. தனியாக ஒரு பிளக் வேண்டாம், தனியாக ஒரு ஒயர் வேண்டாம்.

என் பக்கத்துக்கு ஒரு பெரிய ஆள் பலம் சேர்ந்தது. என் நாத்தனார் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் கணவர் வெளிநாட்டில். மகள் வந்த நாளிலிருந்து மாமியாருக்கு அந்த மோடத்தின் சத்தம் ஆகவில்லை. ஒரு நாள் சமையல்கட்டிலிருந்து வந்து என் முன்னால் நின்றார்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல இப்பிடி ஒப்பாரி கேக்கக் கூடாதுத்தா. வாயக் கட்ட முடியும்னா கட்டு, இல்லன்னா எடுத்து வெளிய வையி."

வாயைக் கட்டினேன். உள் மோடத்தை வைத்து, அதன் ஒலிபெருக்கியை ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் கொண்ட கட்டளை எழுதி அணைத்தேன். விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. அது என்ன செய்கிறது என்று ஒரு குறிப்பை உள்ளே எழுதிக்கொண்டே வரும், வேண்டுமானால் என் கம்ப்யூட்டரிலிருந்து படித்துக்கொள்ளலாம் என்று கணவரிடம் வீறாப்பாகச் சொன்னேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், படிக்குக் கீழே இருட்டில் அந்தப் பெட்டி ஊமையாக உட்கார்ந்து வேலை செய்தது. ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் நெற்குப்பையிலிருந்து ஒரு சித்தப்பா வந்து, ரெண்டு நாளாக உங்கள் வீட்டுக்குப் போன் அடிக்கிறேன், எப்போதும் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறீர்களே என்று குறைப்பட்டார். குறிப்பைப் போய்ப் பார்த்தேன். விண்டோஸ் சும்மா இருக்காது. ஆள் இல்லாத நேரத்திலும் ஏதோ ஒரு கம்ப்யூட்டரின் பெயரைத் தேடிக்கொண்டு ரூட்டரைத் தட்டும். ரூட்டரும் வேலை வந்துவிட்டது என்று நம்பரைப் போடும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் லைன் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதிரித் தட்டலைக் கண்டுகொள்ளாதே என்று ஃப்ளாப்பியில் நான்கு வரி எழுதிச் சேர்த்தேன். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடிமனதில் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

எட்டாம் மாதம் நாத்தனாருக்குக் கால் வீங்கியது. மோதிரம் கழற்ற வரவில்லை. மதுரைக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். ரத்தமும் நீரும் எடுத்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் ரிசல்ட் வரும், மோசமாக இருந்தால் நானே போன் பண்ணுவேன், போன் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும், வராவிட்டால் அடுத்த வாரம் வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். நம்பரை எழுதிக் கொடுத்தது நான்தான். சரியாக எழுதினேனா என்று இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான், நாளைக்கு நாமே ஒரு தடவை போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்றேன். மாமியார் என்னை முறைத்தார்.

"நாமளாப் போயி கெட்டத விசாரிக்கக் கூடாது. கேட்டா வந்துரும்."

எங்கள் வீட்டு வழக்கம் அது. காய்ச்சலா என்று கேட்க மாட்டார்கள், உடம்பு சுகம்தானே என்றுதான் கேட்பார்கள். நானும் அந்த வீட்டில் ஆறு வருஷம் வாழ்ந்தவள்; வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை என் கணவர் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் வீட்டில் மூன்று பெண்கள் மட்டும். ஒன்பது மணிக்குச் சென்னையிலிருந்து வர வேண்டிய ஃபைல் ஒன்றை இறக்கினேன். பத்து நிமிஷத்தில் பெட்டி லைனை விட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. பெட்டியிலிருந்து தொலைபேசி ஒயரை உருவி வைத்திருக்கலாம். இரண்டு விரல் வேலை. செய்யவில்லை.

பதினொன்று ஆனது. கூடத்து மூலையில், மாமியார் பின்னிய துணியால் மூடிய தொலைபேசி. அதைப் பார்க்காத மாதிரியே மூவரும் இருந்தோம். தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூட நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். நாத்தனார் கட்டிலில் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். மாமியார் கீரை ஆய்ந்தார். ஒரே கட்டுக் கீரையை மூன்று தடவை ஆய்ந்தார். பன்னிரண்டு அடித்தது. போன் வரவில்லை. பன்னிரண்டரை. ஒன்று. மாமியார் எழுந்து போய்ச் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, குலதெய்வத்துக்கு ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். எனக்கும் மூச்சு வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த வாரம் மதுரைக்குப் போகும்போது என்ன வாங்கலாம் என்று பேசிக்கொண்டோம். மாமியார் சிரித்துக்கூடப் பேசினார்.

நாலு மணிக்கு நாத்தனார் என்னைக் கூப்பிட்டாள். தலை விண் விண் என்று தெறிக்கிறது என்றாள். கண்ணைக் கசக்கிவிட்டு என் பக்கம் பார்த்தாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை; என் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தாள்.

"மதினி, கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது. நீங்க ரெண்டு பேராத் தெரியிறீக."

முந்தின நாள் டாக்டரம்மா விசாரித்ததில் இதுவும் ஒன்று: கண் மங்குகிறதா? அந்த இடத்திலேயே எனக்கு மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டி நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சனியன் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால்? போன் வராமல் இருந்ததா, வரவிடாமல் இருந்ததா? ஓடிப்போய்ப் பெட்டியைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது, எப்போதும் போல. விளக்கு இருந்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். குறிப்பைப் படிக்கும் நிதானம் எனக்கு இல்லை. ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். வீட்டுத் தொலைபேசியில் வெளியூருக்குப் பேசும் வசதி இல்லை.

நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். மூன்றாவது தடவை ஒரு நர்ஸம்மா எடுத்தார். ஊரைச் சொன்னதும் அவர் குரல் ஏறியது.

"காலையில பதினொன்னரை மணியில இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கோம். உங்க லைன் எப்பப் பாத்தாலும் எங்கேஜ்டு. அப்பிடி யாருகிட்டம்மா பேசிக்கிட்டு இருக்கீக? உடனே கெளம்புங்க, ஆபரேஷனுக்குத் தயாரா இருக்கச் சொல்லிருக்காக."

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. வெளியே வந்தபோது பூத்துக்காரர் மீதிச் சில்லறைக்குக் கூப்பிட்டது மட்டும் காதில் விழுந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். காலையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், என் பெட்டிதான் லைனை அடைத்துக்கொண்டது, என்னால்தான் வந்தது, கிளம்புங்கள். மாமியார் என்னவோ சொல்ல வந்தார். வாய் திறந்தது, மூடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பீரோவைத் திறந்து கைக்கு வந்த சேலைகளைப் பையில் திணித்தார். நான் கணவருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வாடகைக் காரைக் கூட்டி வந்தேன்.

மதுரை போய்ச் சேரும்வரை இருந்த பயத்தை என்னால் இப்போதும் முழுசாகச் சொல்ல முடியாது. நாத்தனாரின் தலை என் மடியில். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் முனகினாள். திருப்பத்தூர் தாண்டியதும் முனகுவதை நிறுத்தினாள். அது இன்னும் மோசம். அவள் மூக்குக்கு நேரே விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பேன் என்று நினைத்தேன். இந்த நேரத்திலும் உன் முகத்தைப் பற்றியா யோசிக்கிறாய் என்று என்னையே காறித் துப்பிக்கொண்டேன். முன்சீட்டில் மாமியார் திரும்பியே பார்க்கவில்லை.

போனதும் உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா நடந்துகொண்டே எங்களைத் திட்டினார். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன்: வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் லைனைப் பிடித்துக்கொண்டது, அது என் வேலை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆண் குழந்தை. இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. நேரே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய்க்கு இரண்டு நாள் கழித்துத்தான் பிரஷர் இறங்கியது. குழந்தையைப் பற்றிக் கேட்டால், பார்ப்போம் என்றார்கள். சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கதை தெரிந்திருந்தது. மருமகளின் கம்ப்யூட்டர் செய்த வேலை என்று எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள். என் கணவர் எதுவும் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மாமியாரும் எதுவும் சொல்லவில்லை.

நாலாம் நாள் மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் காரைக்குடிக்கு வந்தேன். அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பழைய கடையிலேயே போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைப்பதற்கு முன்னால், எத்தனை மணி நேரம் லைனைப் பிடித்திருந்தது என்று தெரிந்துகொள்ளலாமே என்று என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து குறிப்பைத் திறந்தேன். அன்று ஒன்பது மணிக்கு நான் ஃபைல் இறக்கியது இருந்தது. பத்து நிமிஷம் கழித்து, சொன்ன சொல் தவறாமல், லைனை விட்டது இருந்தது. விண்டோஸின் தட்டல் முழுசாக நிற்கவில்லைதான்; ஆனால் பத்தேகாலிலிருந்து ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரே வரி திரும்பத் திரும்ப, பக்கம் பக்கமாக: டயல் டோன் இல்லை. டயல் டோன் இல்லை. சாயங்காலம் நான் ஒயரைப் பிடுங்கியதற்குப் பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதாவது பெட்டி லைனைப் பிடிக்கவே இல்லை. அதற்கு லைன் கிடைக்கவே இல்லை. லைன் செத்துப்போயிருந்தால் மதுரைக்கு எங்கேஜ்டு கேட்டிருக்காது. பத்தேகால் மணிக்கு யாரோ தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் மூன்று பேர்தான் இருந்தோம். ஒருத்தி படுக்கையில். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரெல்லாம் என்னைப் பேச விட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாரே! அந்தக் குறிப்பு மெமரியில் மட்டும் இருப்பது, பெட்டியை அணைத்தால் போய்விடும். அச்செடுத்துக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் நீட்டலாமா என்றுகூட யோசித்தேன். பிரிண்டரை ஆன் பண்ணினேன். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டேன். ஏன் அணைத்தேன் என்று பஸ்ஸில் போகும்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் அறைக்கு வெளியே பெஞ்சில் மாமியார் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். பெட்டியை எடுத்துவிட்டாயா என்று கேட்டார். அணைத்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தப் போன நாந்தான்த்தா எடுத்துக் கீழ வச்சேன். வச்சு, துணியப் போட்டு மூடிட்டேன். அடிச்சிருமோ, அடிச்சிருமோன்னு குலையே நடுங்கிப்போச்சு. அடிக்காட்டி ஒண்ணுமில்லன்னுதான அந்தம்மா சொன்னாக."

அச்செடுத்து நீட்ட வேண்டும் என்று நினைத்த அத்தனையும் இப்போது அவர் வாயாலேயே வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் போனுக்குக் காத்திருந்த அன்று மதியம், சாப்பிட இலை போடுவதற்கு முன்னால் நான் கூடத்தைக் கூட்டினேன். தொலைபேசியின் மேல் கிடந்த துணி ஒரு பக்கம் மேடாக, ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அப்படி அது என்றைக்கும் கிடந்ததில்லை. நான் விளக்குமாறோடு நின்று அதைப் பார்த்தேன். சரி செய்யக் கை நீண்டது. துணியைத் தூக்கினால் அடியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தால் மறு நிமிஷம் மணி அடித்தாலும் அடிக்கும் என்றும் தெரியும். கையை இழுத்துக்கொண்டு அடுத்த மூலையைக் கூட்டப் போனேன். அதற்கப்புறம் நாலு மணிக்குப் பழியைப் போட எனக்கு ஒரு பெட்டி இருந்தது.

"நானும் பாத்தேன் அத்த," என்றேன். "துணி மேடா இருந்துச்சு. பாத்துட்டு விட்டுட்டேன்."

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவர் அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அப்போது அறைக் கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டினார். குழந்தையோட ஆளுங்க யாராவது ஒருத்தர் உள்ளே வாங்க என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. மாமியார் என் கையைப் பிடித்தார். போகவும் இல்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை. நர்ஸ் இரண்டாம் தடவை கூப்பிட்டார். நான் எழுந்து போனேன்.

குழந்தை முதல் தடவையாகத் தானே உறிஞ்சிப் பால் குடித்துவிட்டது என்று சொல்லத்தான் அவர் கூப்பிட்டிருக்கிறார்.